கடலைமிட்டாய்க்கு எந்த ஹேஷ்டேக்?

இரும்புச் சட்டியில் வெல்லப்பாகு கொதிக்கிறது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்த்து, டக்கென்று உடையும் பதம் வந்ததும், வறுத்துத் தோல் நீக்கிய கடலையைக் கொட்டிக் கிளறுகிறார் ஒருவர். பலகையில் ஊற்றி, உருளையால் தேய்த்து, சூடு ஆறுவதற்குள் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறுகிறார். மொத்தம் 40 விநாடி. பார்க்கும்போதே நாக்கில் எச்சில் ஊறுகிறது. கீழே பார்த்தால் #வைரல் #ட்ரெண்டிங் #ஷார்ட்ஸ் #எஃப்ஒய்பி #எக்ஸ்ப்ளோர் என்று இரண்டு வரிக்கு நீள்கிறது. அதில் கடலை இல்லை, மிட்டாய் இல்லை, வெல்லம் இல்லை. எந்த ஊர்ச் சரக்கு என்பதும் இல்லை.

இப்படி ஒரு வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். போட்டவரைக் கேட்டால், "அதெல்லாம் போட்டாத்தான் ரீச் வரும்" என்பார். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது வேறொரு தளத்தின், வேறொரு காலத்தின் பழக்கம் என்பது புரியும்.

2007 ஆகஸ்ட் 23 அன்று கிறிஸ் மெசினா என்பவர் ட்விட்டரில் ஒரு யோசனை சொன்னார்: ஒரே விஷயத்தைப் பேசுகிறவர்கள் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க, சொல்லுக்கு முன்னால் # போட்டால் என்ன? அவர் காட்டிய உதாரணம், தொழில்நுட்ப ஆர்வலர்கள் கூடும் சந்திப்பான #பார்கேம்ப். ஐஆர்சி என்ற பழைய அரட்டைத் தளத்தில் அரட்டை அறைகளின் பெயருக்கு முன்னால் # இருக்கும், அங்கிருந்து எடுத்துக்கொண்டார். ட்விட்டர் அதை முதலில் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2009-ல்தான் ஹேஷ்டேக்கைத் தட்டினால் திறக்கும் இணைப்பாக மாற்றியது. அதற்குப் பிறகு அது ஊர் மந்தை மாதிரி ஆகிவிட்டது. எல்லோரும் வந்து கூடும் இடம். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் படகு வேண்டும், எந்த மண்டபத்தில் சாப்பாடு இருக்கிறது என்பதெல்லாம் மழையின் பெயரிலான ஹேஷ்டேக்குகளில்தான் ஓடியது. 2019 மே மாதக் கடைசியில் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்ததும் அப்படித்தான். முகநூலில் ஒரு கட்டுமானப் பொறியியல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. சுத்தியல், இது தலையில் விழுந்துதான் காண்ட்ராக்டர் நேசமணி அடிபட்டார் என்று நம் ஆள் ஒருவர் பதில் சொன்னார். வடிவேலு நடித்த ஒரு பாத்திரத்துக்காக ட்விட்டரின் உலக ட்ரெண்டிங் பட்டியலே ஆடிப்போனது.

அங்கே ஹேஷ்டேக்குக்குக் கூட்டம் சேர்க்கும் சக்தி இருந்தது, ஏனென்றால் ஜனங்கள் அதைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். குறு வீடியோவில் யாரும் மந்தைக்குப் போவதில்லை. திறந்தவுடன் ஒரு வீடியோ ஓடுகிறது; பிடிக்கவில்லையென்றால் கட்டைவிரலால் தள்ளுகிறோம்; அடுத்தது வருகிறது. நாம் தேடவும் இல்லை, கேட்கவும் இல்லை. யாருக்கு எதைக் காட்டுவது என்பதைச் செயலியின் நிரல், அதாவது அல்காரிதம், முடிவு செய்கிறது.

இந்தியாவில் இந்தப் பழக்கம் எப்படித் தாவியது என்பதும் ஒரு கதைதான். 2020 ஜூன் 29-ல் டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகள் தடை செய்யப்பட்டன. ஜூலை 8-ல் இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இங்கே திறந்தது. செப்டம்பரில் யூடியூப் தன் ஷார்ட்ஸை உலகிலேயே முதலில் இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தது. வீடியோ போடுகிறவர்கள் குடும்பம் குடும்பமாக இடம்பெயர்ந்தார்கள், பாத்திரம் பண்டத்தோடு. எஃப்ஒய்பி என்பது டிக்டாக்கின் 'உங்களுக்காக' என்ற முகப்புப் பக்கத்தின் சுருக்கம். டிக்டாக் போய்ச் சேர்ந்தது. அதன் முகப்புப் பக்கத்தின் பெயர் மட்டும் யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் இன்னும் ஆவியாக அலைகிறது. #ஷார்ட்ஸ் என்பதற்காவது ஒரு காரணம் இருந்தது. தொடக்கத்தில் தலைப்பிலோ விளக்கத்திலோ அதைப் போடும்படி யூடியூபே சொல்லியது. இப்போது நெட்டுவாக்கில், 3 நிமிடத்துக்குள் இருந்தாலே யூடியூப் அதை ஷார்ட்ஸாக எடுத்துக்கொள்கிறது. ஆனாலும் கை பழகிவிட்டது.

சரி, குறு வீடியோவில் ஹேஷ்டேக் என்ன வேலைதான் செய்கிறது?

புதிதாக ஏறிய வீடியோவை நிரல் முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டிப் பார்க்கிறது. அவர்கள் கடைசிவரை பார்த்தார்களா, திரும்ப ஓடவிட்டார்களா, அண்ணிக்கோ நண்பனுக்கோ அனுப்பினார்களா, இரண்டாவது விநாடியிலேயே தள்ளிவிட்டார்களா என்பதை வைத்து, அடுத்த வட்டத்துக்குக் கொண்டுபோவதா, அங்கேயே விட்டுவிடுவதா என்று தீர்மானிக்கிறது. அந்த முதல் கூட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் ஹேஷ்டேக்குக்கு ஒரு சின்னப் பங்கு. வீடியோ எதைப் பற்றியது என்று ஊகிக்க நிரலுக்குக் கிடைக்கும் துப்புகளில் அதுவும் ஒன்று. 2020 ஜூனில் டிக்டாக் தன் பரிந்துரை முறையை விளக்கியபோது, விளக்கவரி, ஒலி இவற்றோடு ஹேஷ்டேக்கையும் சேர்த்து 'வீடியோ பற்றிய தகவல்' என்ற ஒரே தட்டில்தான் வைத்தது. இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி இன்னும் வெளிப்படையாகப் பலமுறை சொல்லிவிட்டார்: பதிவு எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள ஹேஷ்டேக் உதவும், ரீச்சைக் கூட்டித் தராது. 2025 தொடக்கத்தில் எவையெல்லாம் முக்கியம் என்று அவர் பட்டியலிட்டபோதும் பார்த்த நேரம், லைக், பிறருக்கு அனுப்புவது என்ற மூன்றைத்தான் சொன்னார்.

ஆக, ஹேஷ்டேக் என்பது டப்பாவில் ஒட்டும் சீட்டு. #வைரல் என்று ஒட்டுவது, மளிகைக் கடையில் எல்லா டப்பாவிலும் 'நல்ல சாமான்' என்று எழுதி வைப்பதுபோல. துவரம்பருப்பு எது, கடலைப்பருப்பு எது என்று யாருக்குத் தெரியும்? பிரபலமான வீடியோக்களில் எல்லாம் அந்த ஹேஷ்டேக் இருக்கிறதே என்று கேட்பார்கள். இருக்கும்தான். பத்துப் பேர்கூடப் பார்க்காமல் செத்துப்போன வீடியோக்களிலும் அதே ஹேஷ்டேக் இருக்கிறது. அவை நம் கண்ணில் படுவதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கணக்கு.

இதைவிட மோசமானது பொய்ச் சீட்டு. நட்சத்திரத்தின் பிறந்தநாளன்று அவர் பெயர் ஹேஷ்டேக்கைக் கடலைமிட்டாய் வீடியோவில் செருகுகிறவர்கள் உண்டு. தப்பித்தவறி நிரல் அதை நம்பி ரசிகர்களிடம் கொண்டுபோனால் என்ன ஆகும்? அவர்கள் எதிர்பார்த்தது தலைவனின் மாஸ் காட்சி. கிடைத்தது பாகு காய்ச்சும் சட்டி. ஒரே தள்ளு. அந்தத் தள்ளல்கள் அத்தனையும் வீடியோவின் கணக்கில்தான் ஏறும். தொடர்பில்லாத ஹேஷ்டேக் போட்டால் வீடியோவையே நீக்கக்கூடும் என்று யூடியூபின் விதியும் சொல்கிறது. நீக்காவிட்டாலும் கெட்டது கெட்டதுதான்.

இனி நம் கடலைமிட்டாய்க்கு வருவோம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அதுவும் ஒரு சீட்டுதான், ஆனால் சட்டம் காவல் காக்கும் சீட்டு. கண்ட இடத்தில் செய்து அந்தப் பெயரில் விற்க முடியாது. ஹேஷ்டேக்குக்கு அப்படிக் காவல் எதுவும் இல்லை. அதனால் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பாரம் முழுக்க நம் தலையில். அது பார்ப்பதற்கு எளிது, உட்கார்ந்தால் தலைசுற்றும்.

முதலில் அந்தக் கொட்டைக்கு எத்தனை பெயர்! சென்னைப் பக்கம் வேர்க்கடலை. பாடப்புத்தகத்திலும் விவசாய அலுவலகத்திலும் நிலக்கடலை. கொங்கு நாட்டில் கடலைக்காய். விழுப்புரம், கடலூர்ப் பக்கம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது தேய்ந்து தேய்ந்து அப்படி ஆனது. பாக் நீரிணையைத் தாண்டினால் கச்சான். அங்கே கோயில் திருவிழாக் கடைகளில் விற்கும் கச்சான் அல்வா நம் கடலைமிட்டாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி. இவற்றில் எதை எழுதினாலும் சரி, ஆனால் எழுதியவுடன் நீங்கள் ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். #மல்லாட்டை என்று போட்டால் பார்ப்பவர்கள் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்தச் சொல்லைப் பார்த்ததும் "அட, நம்மூரு" என்று விரலை நிறுத்துகிறவர்கள் அவர்கள். கோவில்பட்டிச் சரக்குக்கு அது பொருந்தாது. செஞ்சிக்குப் பக்கத்தில் காட்டில் கடலை பிடுங்கி அங்கேயே சுட்டுத் தின்னும் வீடியோவுக்கு அதைவிட நல்ல சொல் கிடையாது.

வடக்கே இதற்குச் சிக்கி என்று பெயர். மகாராஷ்டிரத்து லோனாவாலா அதற்குப் பேர்போனது. #சிக்கி என்று ஆங்கில எழுத்தில் போட்டால் கூட்டம் பெரிது என்று பலர் ஆசைப்படுவார்கள். இங்கேதான் நிதானம் வேண்டும். வீடியோவில் பேச்சே இல்லை, பாகு கொப்புளிக்கும் சத்தமும் கத்தி கீறும் சத்தமும்தான் என்றால் தாராளமாகப் போடலாம்; கடலை பொரியும் ஓசைக்கு மொழி வேண்டாம். ஆனால் "எங்க தாத்தா காலத்துல..." என்று தமிழில் கதை சொல்லும் வீடியோ என்றால், நாக்பூரில் இருப்பவருக்கு முதல் வாக்கியத்திலேயே புரியாமல் போகும். தள்ளிவிடுவார். அவரை வரவழைத்தது நீங்கள் ஒட்டிய சீட்டு.

ஊர்ப் பெயரிலும் சிக்கல் உண்டு. நகராட்சி எழுதுவது கோவில்பட்டி. இலக்கணம் பார்ப்பவர்களில் சிலர் கோயில்பட்டி என்பார்கள். ஆங்கில எழுத்தில் இன்னும் இரண்டு மூன்று விதம். ஹேஷ்டேக்கைப் பொறுத்தவரை ஓர் எழுத்து மாறினாலும் அது வேறு பக்கம், வேறு அறை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது ழகரத்துக்கு இசட்டும் ஹெச்சும் சேர்ப்பவர் உண்டு, வெறும் எல் போதும் என்பவர் உண்டு. கொழுக்கட்டை, பழையசோறு, கீழடி எல்லாமே இப்படி இரண்டு மூன்றாக உடைந்து கிடக்கின்றன. எது பெருவழக்கு என்பதை ஊகிக்க வேண்டாம். யூடியூபின் தேடல் பெட்டியில் முதல் சில எழுத்துகளைத் தட்டினால் அதுவே மீதியை எடுத்துக் கொடுக்கும்; ஜனங்கள் உண்மையில் தட்டுவது அதுதான். கூகுள் ட்ரெண்ட்ஸிலும் இணையத் தேடலுக்குப் பதிலாக யூடியூப் தேடலைத் தேர்ந்தெடுத்து இரண்டு சொற்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இன்ஸ்டாகிராமில் ஹேஷ்டேக்குக்குப் பக்கத்தில் வரும் லட்சக்கணக்கை வைத்து முடிவெடுப்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அந்த எண் அதைப் போட்ட பதிவுகளின் எண்ணிக்கை. தேடி வந்தவர்களின் எண்ணிக்கை இல்லை. சந்தையில் எத்தனை கடை இருக்கிறது என்று அது சொல்கிறது. வாங்க எத்தனை பேர் வந்தார்கள் என்று சொல்வதில்லை. பெரிய எண் என்றால் நல்லது என்பதும் தப்பு, சின்ன எண்தான் நல்லது என்று சில 'நிபுணர்கள்' சொல்லிக்கொடுப்பதும் பாதி தப்பு. யாருமே தேடாத சொல்லுக்கும் எண் சின்னதாகத்தான் இருக்கும்.

தமிழ் எழுத்தில் ஹேஷ்டேக் போடுகிறவர்களுக்கு என்றே சில தனித் தொல்லைகள் இருக்கின்றன. இவற்றை யாரும் விரிவாகப் பேசுவதில்லை என்பதால் கொஞ்சம் நிற்கிறேன்.

நம் கண்ணுக்கு 'தமிழ்' மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து குறிகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. கொக்கியும் புள்ளியும், கணினிகளுக்கான பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில், 'எழுத்து' என்ற வகையில் வருவதில்லை. எழுத்தோடு ஒட்டும் குறி என்ற வேறு வகை. ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதிய பழைய நிரல்கள் பல, எழுத்தும் எண்ணும் வரும்வரைதான் ஹேஷ்டேக் என்று வைத்திருந்தன. அதனால் #தமிழ் என்று எழுதினால் #தம என்பதோடு இணைப்பு அறுந்துவிடும். பெரிய செயலிகளில் இது சரியாகிவிட்டது. சின்னச் செயலிகளிலும், ஒரே நேரத்தில் பல தளங்களில் பதிவிட்டுத் தரும் கருவிகளிலும் இன்னும் எட்டிப்பார்க்கும். பதிவிட்டதும் ஒருமுறை விரலால் தட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்து உள்ளே வேறாக இருக்கும் சொற்களும் உண்டு. ஔகார உயிர்மெய்யை முறையான குறியில் எழுதாமல், ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரத்தை வைத்துவிடுகிறவர்கள் அதிகம். பார்க்க வித்தியாசம் தெரியாது, ஹேஷ்டேக் வேறாகிவிடும். 'ஸ்ரீ' இன்னும் வேடிக்கை. அதை இரண்டு வேறு மெய்களில் தொடங்கி எழுதலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசல் ஒன்றாகவே தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாக்காரர்கள் கவனிக்க.

வேற்றுமை உருபு அடுத்த வில்லங்கம். ஆங்கிலத்தில் ஊர்ப் பெயர் தனியாக நிற்கும். நாம் 'இல்', 'உக்கு' என்று ஒட்டிவிடுவோம். வாக்கியத்தின் நடுவே #கோவில்பட்டியில் என்று எழுதினால் அது #கோவில்பட்டி ஆகாது. கிட்டத்தட்ட யாருமே இல்லாத ஒரு புது அறையைத் திறந்துவிட்டு உள்ளே தனியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். சிறுகோடு இட்டுப் பிரித்தால் தப்பிக்கலாம், ஏனென்றால் சிறுகோட்டோடு ஹேஷ்டேக் முடிந்துவிடும். ஆனால் பார்க்க நன்றாக இருக்காது. வாக்கியத்தை வாக்கியமாக விட்டுவிட்டு, ஹேஷ்டேக்கைக் கடைசியில் தனியாக வைப்பதே சுகம்.

ஒற்று மிகும் இடம் வந்தால் எனக்கு எப்போதும் மனப்போராட்டம்தான். தமிழ்க்கவிதை என்பதே சரி. போடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒற்றை விட்டுவிட்டுத்தான் போடுகிறார்கள். நான் விளக்கவரியில் சரியாக எழுதி, ஹேஷ்டேக்கில் ஊரோடு ஒத்து ஓடுகிறேன். தமிழாசிரியர்கள் மன்னிக்கட்டும்.

சொற்களை இடைவெளியின்றி ஒட்டுவதிலும் ஒரு விபத்து காத்திருக்கிறது. 2013-ல் பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சர் இறந்தபோது பரவிய #nowthatchersdead என்ற ஆங்கில ஹேஷ்டேக்கைச் சிலர் now that Cher's dead என்று வேறு இடத்தில் பிரித்துப் படித்து, பாடகி ஷெர் இறந்துவிட்டதாகப் பதறினார்கள். ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தையும் பெரிய எழுத்தாக்கினால் இந்தக் குழப்பம் தீரும். தமிழில் பெரிய எழுத்து கிடையாது. தாமரையைப் பூவாகவும் தாவும் மானாகவும் பிரித்துக் காட்டிப் பொதுமொழி என்று பள்ளியில் நடத்திய மொழி இது. நமக்கு ஆபத்து இரட்டிப்பு. இரண்டு சொல்லுக்கு மேல் ஒட்ட நேர்ந்தால் நடுவில் அடிக்கோடு போடலாம், ஹேஷ்டேக் உடையாது. அதைவிட, மூன்று சொல் ஹேஷ்டேக்கையே தவிர்க்கலாம்.

எத்தனை போடுவது? ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பதுதான் இதற்கும். இன்ஸ்டாகிராம் பல ஆண்டுகள் 30 வரை அனுமதித்ததால் 30-ஐயும் நிரப்புவது ஒரு சடங்காகவே இருந்தது. 2021-ல் அதன் கிரியேட்டர்ஸ் கணக்கே 3 முதல் 5 போதும் என்று சொல்லிவிட்டது. யூடியூபில் 60-ஐத் தாண்டினால் போட்ட அத்தனையையும் அது கண்டுகொள்ளாது. விளக்கத்தில் எத்தனை எழுதினாலும் தலைப்புக்குப் பக்கத்தில் மூன்றுதான் தெரியும். ஷார்ட்ஸ் பார்ப்பவர் கண்ணில் படுவது தலைப்பு மட்டுமே, அதற்கு வரம்பு 100 எழுத்து. அதுவும் கணினிக் கணக்கில். கோவில்பட்டி நமக்கு 6 எழுத்து, அதற்கு 11. அந்த இடத்தை ஹேஷ்டேக்குக்குத் தாரை வார்ப்பதைவிட, "வெல்லம் இந்தப் பதத்தில் உடையணும்" என்று ஒரு நல்ல வரி எழுதலாம்.

போட்ட பிறகு பார்க்க வேண்டிய இடம் யூடியூப் ஸ்டுடியோ. பார்வைகள் எந்த வழியாக வந்தன என்ற பகுதியில் ஷார்ட்ஸ் ஓடை (ஃபீட்), யூடியூப் தேடல், ஹேஷ்டேக் பக்கங்கள் என்று தனித்தனியாகவே காட்டும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஹேஷ்டேக் வரி ஏமாற்றமாக இருக்கும். பெரும்பாலும் ஓடைதான் எல்லாவற்றையும் விழுங்கியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே, எத்தனை சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள், எத்தனை சதவீதம் பேர் தள்ளிவிட்டார்கள் என்ற கணக்கும் உண்டு. ஒரே மாதிரியான பத்து வீடியோவுக்குப் பெயரை மட்டும் மாற்றிப் பார்த்து, தள்ளிவிடும் பங்கு எதில் குறைகிறது என்று கவனிக்கலாம். ஒன்றிரண்டை வைத்து முடிவுக்கு வர வேண்டாம், அன்றைக்கு மழை பெய்ததாகக்கூட இருக்கலாம்.

அந்த 40 விநாடி வீடியோ என் கைக்கு வந்தால் இப்படி வைப்பேன். விளக்கவரியில் முழு வாக்கியமாக: கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு வெல்லப்பாகு எடுக்கும் பதம். அதன் கீழே #கடலைமிட்டாய், #கோவில்பட்டி, அப்புறம் கடலைமிட்டாயே ஆங்கில எழுத்தில் ஒருமுறை, தேடல் பெட்டி எடுத்துக் கொடுத்த எழுத்துக்கூட்டலில். பேச்சில்லாத வீடியோ என்பதால் நான்காவதாகச் சிக்கி. தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு போடுவதாக இருந்தால் ஐந்தாவதாகத் #தீபாவளிபலகாரம். ஆடி மாதத்தில் போடுவதென்றால் நான்கோடு நிறுத்திக்கொள்வேன்.